அமெரிக்க ட்றக் ஓட்டத்துக்கான யூசிஆர் பதிவுக் கட்டணம் கட்டியும் 'இல்லை' என்று எழுதிவிட்டார்கள். இப்ப கட்டப்போனால் கூடுதலாகக் கேட்குது

ஸ்கார்பரோ_ட்றக் (2025 ஜனவரி 14)

அண்ணைமார், அக்காமார், வணக்கம். ஒன்ராறியோவில் பதிந்த சின்னக் கொம்பனி, சொந்த யூஎஸ் டொட் நம்பர் (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை கொடுக்கிற கொம்பனி எண்). இரண்டு ட்றக்டர் (இழுக்கிற வண்டி), மூன்று ரெயிலர் (பின்னால் கொழுவுகிறது). மிச்சிகன், ஒகையோ ஓட்டம்.

போன வருசம் மார்ச் 28இல் ஒரு இடைத்தரகர் மூலம் யூசிஆர் கட்டினது. ரசீது வண்டியிலேயே இருக்கு. இந்தக் கிழமை ஒரு ஸ்கேலில் (வண்டி நிறுக்கிற சோதனைச் சாவடி) மறித்துப் பார்த்துவிட்டு 'யூசிஆர் கட்டவில்லை' என்று அறிக்கையில் போட்டுவிட்டார்கள். மார்ச் 28 வரைக்கும் செல்லாதா?

நாங்களே கட்டலாம் என்று போனால் 5 வண்டி என்று காட்டி 138 டொலர் கேட்குது. இதற்கிடையில் 'இறுதி அறிவிப்பு' என்று கொட்டை எழுத்தில் ஒரு கடிதம், 200 டொலருக்கு மேலே கேட்டு.

இஃப்டா (எரிபொருள் வரி) புது ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. 2290 (அமெரிக்கப் பாரவண்டி வரி) ஓகஸ்டில் கட்டியாச்சு. பிளேட் ஜூன் வரை இருக்கு. எது பிழை?

---

நெடுஞ்சாலை401

தம்பி, ரசீதில் எந்த வருசம் என்று பாருங்கோ. 2024 என்றுதான் இருக்கும். யூசிஆர் ஜனவரி 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடியும். மார்ச்சில் கட்டினாலும் நவம்பரில் கட்டினாலும் அந்த வருசத்துக்கு முழுக்காசு, மாதக் கணக்குப் பார்த்துக் குறைக்கிறதில்லை. அடுத்த வருசத்துக்கான பதிவு வழக்கமாக ஒக்டோபர் 1இல் திறக்கும். ஜனவரி 1 பிறந்தால் ஸ்கேலில் பார்ப்பார்கள்.

ரசீதைக் காட்டிப் பலனில்லை. யூசிஆருக்கு ஸ்டிக்கரும் இல்லை, வண்டியில் வைக்க வேண்டிய கடதாசியும் இல்லை. டொட் நம்பரை அடித்து அவர்கள் தங்கள் திரையில் பார்ப்பதுதான் கணக்கு. இப்பக் கட்டினால் அடுத்த ஸ்கேலில் பிரச்சினை வராது. ஆனால் எழுதின அறிக்கை அதனால் அழியாது. தண்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

கடிதத்தைக் கிழித்துப் போடுங்கோ. அரசாங்கக் கடிதம் மாதிரி அச்சடித்து அனுப்புகிற தனியார் சேவை அது. யூசிஆர் தளத்தின் முகவரி 'கவ்' என்று முடிய வேணும், 'கொம்' என்று முடிந்தால் வெளியே வாங்கோ.

---

லோட்_பார்ப்பவர்

எங்களுக்கு நியூ ஜெர்சி மட்டும்தான் ஓட்டம். நியூ ஜெர்சி யூசிஆரில் இல்லை. அப்ப கட்டத் தேவையில்லைதானே?

---

நெடுஞ்சாலை401

தேவை. சேராத மாநிலம் என்றால் அந்த மாநிலம் காசு வாங்கவில்லை என்றுதான் அர்த்தம், ஓடுகிறவருக்கு விலக்கு என்று இல்லை. சட்டம் ஃபெடரல் சட்டம். அதோடு ஒன்ராறியோவில் இருந்து நியூ ஜெர்சிக்கு நியூ யோர்க்கைத் தொடாமல் எப்படிப் போவீர்கள்? அது சேர்ந்த மாநிலம். கனடாக்காரர் சேர்ந்த மாநிலம் ஒன்றை 'பேஸ்' (பதிவு மாநிலம்) ஆகத் தெரிவு செய்ய வேணும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மிச்சிகன், நியூ யோர்க் போல. எதைத் தெரிவு செய்தாலும் தொகை ஒன்றுதான்.

---

கணக்குப்_பெட்டி

138க்குக் காரணத்தைச் சொல்கிறேன். 2025 கட்டணம் வண்டி எண்ணிக்கையைப் பொறுத்தது: 2 வரை 46 டொலர், 3 முதல் 5 வரை 138, 6 முதல் 20 வரை 276, 21 முதல் 100 வரை 963. இந்த எண்ணிக்கையில் ரெயிலர் சேராது. இழுக்கும் வண்டி மட்டும்தான், அதாவது உங்களுக்கு 2.

தளம் 5 என்று காட்டுவது எம்சிஎஸ்-150 படிவத்தில் (டொட் நம்பருக்கான கொம்பனி விபரப் படிவம்) இருந்து. அதில் ட்றக், ட்றக்டர், ரெயிலர் என்று தனித்தனிப் பெட்டிகள் இருக்கின்றன. படிவத்தை நிரப்பியவர் மூன்று ரெயிலரையும் ட்றக்டர் பெட்டியில் போட்டிருக்க வேண்டும். அடிக்கடி நடக்கிற பிழை.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எம்சிஎஸ்-150ஐத் திருத்திவிட்டுக் கட்டுவது. மற்றது, போன ஜூன் 30இல் முடிந்த 12 மாதத்தில் உங்களிடம் இருந்த வண்டிகளின் எண்ணிக்கையைக் காட்டிக் கட்டுவது. நாளைக்கே வண்டி எல்லை தாண்டப் போகிறது என்றால் இரண்டாவது வழியில் இன்றே கட்டிவிட்டு, பிறகு படிவத்தைத் திருத்துங்கள். ஒரு எச்சரிக்கை: எம்சிஎஸ்-150இல் உள்ளதைவிடக் குறைந்த பிரிவில் கட்டுகிறவர்களை மாநிலம் பின்னால் தணிக்கைக்கு எடுக்கும். இரண்டு ட்றக்டரின் உரிமைப் பத்திரம், கேப் கார்ட் (வண்டியில் வைக்கும் பதிவு அட்டை), ரெயிலர்களின் பதிவு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

இன்னொன்று. டொட் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் என்ன?

---

ஸ்கார்பரோ_ட்றக்

47, அக்கா. படிவத்தைக் கடைசியாகத் தொட்டது 2022இல் என்று நினைக்கிறன்.

---

கணக்குப்_பெட்டி

யூசிஆரைவிட இதுதான் பெரிய பிரச்சினை. எம்சிஎஸ்-150 இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. கடைசி இலக்கம் மாதம்: 1 ஜனவரி, 2 பெப்ரவரி, அப்படியே 9 செப்டம்பர், 0 ஒக்டோபர். அதற்கு முந்தைய இலக்கம் ஒற்றை என்றால் ஒற்றை வருடம், இரட்டை என்றால் இரட்டை வருடம். 47க்கு 2024 ஜூலை. கிட்டத்தட்ட ஆறு மாதம் பிந்திவிட்டது. எதுவும் மாறாவிட்டாலும் 'மாற்றமில்லை' என்று போட்டே ஆக வேண்டும்.

தண்டம் நாளுக்கு 1,000 டொலர் வரை, மொத்தம் 10,000 வரை போகலாம். டொட் நம்பரையே முடக்கிவிடவும் அவர்களால் முடியும். முதலில் சேஃபர் என்ற அமெரிக்க அரசுத் தளத்தில் உங்கள் நம்பரைப் போட்டு நிலை என்ன, படிவத்தின் திகதி என்ன என்று பாருங்கள். முடங்கியிருந்தால் யூசிஆர் கட்டியும் ஓட முடியாது. புதுப்பிக்கக் கட்டணம் ஒரு சதமும் இல்லை. அதற்கும் காசு கேட்டு மின்னஞ்சல்கள் வரும், அவையும் அந்தக் கடிதத்தின் உறவினர்தான்.

---

ஸ்கார்பரோ_ட்றக்

பார்த்தேன். நிலை 'அக்டிவ்', திகதி 2022. ட்றக்டர் பெட்டியில் 5 என்றுதான் கிடக்குது. இப்பவே திருத்துறன்.

பெப்ரவரியில் மூன்றாவது ட்றக்டர் எடுக்கிற யோசனை. அப்ப யூசிஆர் திரும்பக் கட்ட வேணுமா?

---

கணக்குப்_பெட்டி

வேண்டாம். நடுவருடத்தில் சேர்த்த வண்டிக்காக யூசிஆர் தொகை ஏறாது, அடுத்த பதிவில்தான் பிரிவு மாறும். ஆனால் மற்றவை அப்படி இல்லை. ஐஆர்பியில் (பல மாநிலங்களில் ஓடுவதற்கான பிளேட் பதிவு) வண்டியைச் சேர்த்துப் புதுக் கேப் கார்ட் எடுக்க வேண்டும். இஃப்டாவுக்கு ஒரு சோடி ஸ்டிக்கர், கேபின் இரண்டு பக்கமும்.

2290 தனிக்கணக்கு. அது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, 55,000 இறாத்தலும் அதற்கு மேலும் உள்ள வண்டிக்கு. 75,000 தாண்டினால் முழு வருடத்துக்கு 550 டொலர். புது வண்டி பெப்ரவரியில் முதலில் அமெரிக்கச் சாலையில் ஏறினால் ஜூன் வரை 5 மாதம், 229.17 டொலர், மார்ச் 31க்குள். 5,000 மைலுக்குள் ஓடுமென்றால் வரி இல்லை, படிவம் மட்டும் உண்டு. இணையத்தில் போடும்போது படிவம் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் கொம்பனிப் பெயர் ஐஆர்எஸ்ஸில் (அமெரிக்க வரித் துறை) உள்ளதுபோல் எழுத்துக்கு எழுத்து இல்லாததால். விஐஎன் எண்ணையும் (வண்டியின் அடையாள எண்) பதிவுப் பத்திரத்தைப் பார்த்து அடியுங்கள். 2290 போட்டதற்குச் சான்றான, முத்திரை விழுந்த அட்டவணை 1இன் பிரதி வண்டியில் இருக்கட்டும், எல்லையில் கேட்கலாம்.

---

லோட்_பார்ப்பவர்

நான் வேறு கொம்பனியின் டொட் நம்பரில் லீசில் ஓடுறன் என்று சொல்ல மறந்திட்டன். நானும் கட்ட வேணுமா?

---

நெடுஞ்சாலை401

அதை முதலே சொல்லியிருக்கலாமே ஐயா! யாருடைய நம்பரில் ஓடுகிறீர்களோ அந்தக் கொம்பனி கட்ட வேணும், உங்கள் ட்றக்கையும் தங்கள் எண்ணிக்கையில் சேர்த்து. கட்டியாச்சா என்று அவர்கள் நம்பரைப் போட்டு நீங்களே பார்க்கலாம். ஸ்கேலில் மறிபடப்போவது நீங்கள்தானே.

---

ஸ்கார்பரோ_ட்றக் (2025 ஜனவரி 16)

எம்சிஎஸ்-150 போட்டாச்சு, ட்றக்டர் 2, ரெயிலர் 3. யூசிஆர் 46 டொலர் கட்டியாச்சு, 2025 என்று பதிவும் காட்டுது. அக்காவுக்கும் அண்ணைக்கும் நன்றி.

---

கணக்குப்_பெட்டி

நல்லது. ஜனவரி 31க்குள் இஃப்டா நாலாம் காலாண்டுக் கணக்குப் போக வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டியதால் அது முடிந்ததாகாது. ஓட்டம் இல்லாத காலாண்டென்றாலும் பூச்சியம் போட்டு அனுப்புங்கள். எரிபொருள் ரசீதை நாலு வருடம் எறிய வேண்டாம்.