பதில்: ‘கிரவுடிங் இன்’ – ‘ஈர்ப்பு முதலீடு’ போதுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

‘கிரவுடிங் இன்’ (crowding in) என்ற பொருளியல் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்ட இந்த இழையில் வந்த ‘ஈர்ப்பு முதலீடு’, ‘தூண்டு நிதி’ இரண்டிலும் எனக்கு நிறைவில்லை. தூண்டுதல் என்றால் மானியம், வரிச்சலுகை எல்லாமே அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு: அரசு முதலில் கொஞ்சம் பணத்தை இறக்குகிறது, அது இல்லாவிட்டால் எட்டிப் பார்த்திருக்காத தனியார் பணம் பின்னால் வருகிறது.

எங்கள் பக்கம், கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில், வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் நடுவே, ஒரு மண்பாதைக்குத் தார் போட்டு மும்முனை மின்சாரம் கொடுத்தார்கள். மறுவருடமே தென்னை நார் ஆலை வந்தது. சாலையால் வந்த ஆலை என்று ஊரில் பேச்சு. ஆலைக்காரரோ அதற்கு முன்பே நிலத்தைக் கிரயம் செய்து வைத்திருந்தார்! ஐரோப்பிய ஒன்றியத்தின் முதலீட்டுத் திட்டமான யுங்கர் திட்டத்திலும் இதே வழக்குதான். 2,100 கோடி யூரோ பொதுப்பணத்தை உத்தரவாதமாக வைத்து 31,500 கோடி திரட்டுவோம் என்றார்கள், பதினைந்து மடங்கு. அதில் எவ்வளவு எப்படியும் வந்திருக்கும் என்பதில்தான் சண்டை.

என் பரிந்துரை ‘பிரைமுதல்’. (பிரை என்பது பாலைத் தயிராக்க ஊற்றும் மோர்; உறை என்பதும் அதுதான்.) அதனால் நேர்வது ‘பிரைவிளைவு’. முதலில் ‘உறைமுதல்’ என்றுதான் நினைத்தேன். முடக்கிவைத்த வங்கிக் கணக்கு போலத் தொனிக்கிறது என்று தனிமடலில் ஓர் அம்மையார் எழுதினார், ஒப்புக்கொண்டேன். மேலும் இங்கே ‘உறை’ சற்று ஆபத்தான சொல். கோவையிலிருந்து மருமகளாக வந்த என் மனைவியிடம் அடுத்த வீட்டு மலையாள அம்மாள் “உற ஒழிச்சோ?” என்று கேட்க, எதை ஒழிப்பது என்று தெரியாமல் விழித்தாள். அவர்களுக்கு ஒழிப்பது என்றால் ஊற்றுவது.

பிரை எனக்குப் பிடிக்கக் காரணம் அளவு. இளஞ்சூட்டுப் பாலில் அரைக் கரண்டி மோர். மொத்தப் பானையும் தோயும். மார்கழிக் குளிரில் என் அம்மா இன்னும் அரைக் கரண்டி சேர்ப்பார். அதையே சித்திரையில் செய்தால் விடிவதற்குள் தயிர் புளித்துவிடும். தொழில் மந்தமாகக் கிடக்கும் காலத்தில் அரசு செலவு தனியாரை அழைத்து வரும்; சூடு ஏறிய காலத்தில் அரசு கடன் வாங்கி இறங்கினால் வட்டி ஏறி, தனியார் ஒதுங்கிக்கொள்வார்கள். இப்படி ஒதுங்குவதைக் குறிக்கும் எதிர்ச்சொல்லான ‘கிரவுடிங் அவுட்’டுக்கு, வேடிக்கையாகவேனும், ‘புளிப்பு’ என்று வைக்கலாம். (அகராதியில் ‘நெருக்கித்தள்ளல்’ என்றே இருக்கட்டும்.)

ஒரு குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். ஊற்றிய பிரையைத் திரும்ப எடுக்க முடியாது. இஸ்ரேல் 1993இல் யோஸ்மா திட்டத்துக்கு 10 கோடி டாலர் ஒதுக்கியது. புதுத் தொழில்களில் துணிந்து பணம் போடும் துணிகர முதலீட்டு நிதியங்களில் 40 விழுக்காடு வரை அரசின் பங்கு, மீதி தனியார் கொண்டுவர வேண்டும். பிறகு அரசின் பங்கைத் தனியாரே வாங்கிக்கொள்ளலாம் என்றும் வழி வைத்தார்கள். தயிர் தோய்ந்ததும் மோரை வடித்தெடுத்த கதை. உவமை இங்கே நொண்டுகிறது, ஆனாலும் விடத் தோன்றவில்லை.

இன்னொன்று. விழிஞம் துறைமுகத்துக்கு நடுவணரசு ஒப்புக்கொண்ட ரூ. 817.80 கோடி போன்ற ‘இடைவெளி நிரப்பு நிதி’யையும் இதில் அடக்கலாமா? எனக்குத் தயக்கம். கட்டுப்படியாகாத திட்டத்தின் செலவில் ஒரு பகுதியை அரசே ஏற்பது, குறைந்த பானையில் பால் ஊற்றுவது போல. அதற்குத் தனிச்சொல் வேண்டும் என்பேன்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து