நியூகிரேஞ்சின் வெள்ளைச் சுவர் அசலா, ஒப்பனையா?

மண்வெட்டி:
அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் ஈமமேட்டுப் படத்தைப் போட்டு "5,200 வருஷமாக அப்படியே நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள், கற்குவை. மேடு கி.மு. 3200 வாக்கில் கட்டியது, கீசா பிரமிடுகளுக்கும் மூத்தது. அதில் சண்டை இல்லை. ஆனால் படத்தில் பளபளக்கிறதே வெள்ளைச் சுவர், அது 1970களில் எழுப்பியது. பின்னால் கம்பி வைத்த கான்கிரீட்!

கற்குவை:
சுவர் புதிது, கல் பழையதுதானே? அது குவார்ட்ஸ், நம்மூர் வெங்கச்சங்கல். விக்லோ மலைப் பக்கமிருந்து கொண்டுவந்தது. வாசல் முன்னால் சரிந்து கிடந்ததைத்தான் அகழாய்வாளர் மைக்கேல் ஓ'கெல்லி திரும்ப அடுக்கினார். விழுந்து கிடந்த விதத்தை வைத்துத்தான் உயரத்தைக் கணித்தார். மனம்போன போக்கில் கட்டவில்லை.

மண்வெட்டி:
சரிந்ததா, முதலிலேயே தரையில் பரப்பியதா என்பதுதானே கேள்வி? பக்கத்து நௌத் மேட்டில் அதே கல்லை வாசல் முன்னால் தளமாக விட்டிருக்கிறார்கள். அவ்வளவு செங்குத்தான சுவர் கான்கிரீட் இல்லாமல் நிற்காது என்று அப்போதிருந்தே சொல்கிறார்கள். அப்புறம், வாசலுக்கு இரு பக்கமும் உள்வாங்கிய கருங்கல் சுவரைப் பாருங்கள். பார்வையாளர்கள் ஏறி இறங்க வசதியாகச் செய்த இக்கால வேலை அது.

கற்குவை:
சுவரை விட்டால் உங்களுக்கு வேறு பேச்சே இல்லை. வாசலுக்கு மேலே இருக்கும் கல்மாடத்துக்கு என்ன சொல்கிறீர்கள்? 1967 டிசம்பர் 21 அன்று ஓ'கெல்லி உள்ளே காத்திருந்தார். சூரியன் உதித்த சில நிமிஷத்தில் அந்த மாடம் வழியாக வெளிச்சம் நுழைந்து, 19 மீட்டர் நடைவழியைத் தாண்டி உள்ளறை வரை வந்தது. சுமார் 17 நிமிஷம் அங்கே இருக்கும். குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலைக் குறிவைத்துக் கட்டியிருக்கிறார்கள். இதுவும் ஒப்பனையா?

மண்வெட்டி:
இல்லை. சாந்தே இல்லாமல் அடுக்கிய உள்ளறைக் கூரையும் அசல்தான், இன்றும் ஒழுகவில்லை. அதனால்தான் கேட்கிறேன்: இத்தனை அசல் இருக்க, அஞ்சலட்டையில் ஏன் அந்தச் சுவர்?

வழிப்போக்கன்:
இடையில் நானும். சுவர் போகட்டும், "ராஜா" கதைக்கு வருவோம். உள்ளே கிடைத்தவை குறைந்தது ஐந்து பேரின் எலும்புகள். அதில் ஓர் ஆணின் பெற்றோர் உடன்பிறந்தவர்களாகவோ பெற்றவரும் பிள்ளையுமாகவோ இருந்தவர்கள் என்று 2020இல் மரபணு ஆய்வு காட்டியது. இப்படிப்பட்ட உறவு ஆளும் குடும்பங்களில்தான் நடக்கும் என்று சொல்லி, உடனே அரச வம்சம் என்று முடிசூட்டிவிட்டார்கள். ஒரு மண்டையோட்டுத் துண்டுக்கு இவ்வளவு பெரிய கிரீடம் தாங்குமா, கற்குவை?