"அனுப்பியிருந்தோம்"னா "ஹேட் சென்ட்" தானே? ஏன் அடிச்சுக் கொடுக்கிறாங்க?

மேலமாசி வீதி கேட்டது:

சுங்குடிச் சேலை வெளிநாட்டுக்கு அனுப்புற கடைக்கு இங்கிலீஷ் மெயில் எழுதிக் கொடுக்கிறேன். இந்த நாலு வரியையும் லண்டன்ல இருக்கிற வாடிக்கையாளர் பக்கத்து ஆள் திருத்தி அனுப்பியிருக்கார்:

"வி ஹேட் சென்ட் தி சாம்பிள்ஸ் ஆன் மண்டே. ஐ ஹேட் ஸ்போக்கன் டு தி கூரியர் ஆஃபீஸ் எஸ்டர்டே. வி ஹேட் நாட் ரிசீவ்ட் யுவர் பேமென்ட். தி சாரீஸ் ஹேட் டிரைட் வென் தி ரெய்ன் ஸ்டார்ட்டட்."

முதல் ரெண்டுல ஹேட்-ஐ எடுத்துட்டார். மூணாவதுல ஹேவ் ஆக்கிட்டார். நாலாவதைத் தொடவே இல்லை. தமிழ்ல நாம "திங்கக்கிழமை அனுப்பியிருந்தோம்", "நேத்து பேசியிருந்தேன்"னு தானே சொல்றோம்? அதுக்கு நேர் இங்கிலீஷ் ஹேட் தானே? எந்த இடத்துல வைக்கணும், எந்த இடத்துல கூடாதுன்னு ஒரு பிடி கொடுங்க.

---

தெப்பக்குளம்:

நேர் இங்கிலீஷ் இல்லைங்க, சிக்கலே அங்கதான். "அனுப்பியிருந்தோம்"ல இருக்கிற "இருந்தோம்" வேற வேலை பார்க்குது.

"நேத்து அழகர்கோயில் போயிருந்தேன்"னு ஒருத்தர் சொன்னா, போயிட்டுத் திரும்பி வந்தாச்சு, இனி அதைப் பத்தி ஏதோ சொல்லப் போறார்னு நமக்குப் புரியும். "ராக்காயி அம்மன் தீர்த்தத்துல என்னா கூட்டம்!"னு அடுத்த பேச்சுக்குப் பாய் விரிச்சுப் போடுறதுதான் இந்த "இருந்தேன்". வெறும் "போனேன்" கொஞ்சம் மொட்டையா நிக்கும். அதனாலதான் நம்ம நாக்கு தன்னால "போயிருந்தேன்"னு போகுது.

இங்கிலீஷ் ஹேட்-க்கு இந்த வேலை கிடையாது. நடந்து முடிஞ்ச ரெண்டு சங்கதி இருந்து, அதுல எது முந்தினதுன்னு காட்டத்தான் அது வரும். ஒத்தைச் சங்கதிக்கு ஹேட் போட்டா, படிக்கிறவர் ரெண்டாவதைத் தேடுவார். "வி ஹேட் சென்ட் தி சாம்பிள்ஸ் ஆன் மண்டே"ன்னா, "சரி, திங்கக்கிழமை அனுப்பினீங்க, அப்புறம் என்ன ஆச்சு, திரும்பி வந்துருச்சா?"ன்னு நினைப்பார். "வி சென்ட்" போதும். நேத்து, திங்கக்கிழமை, 1636னு நேரத்தைச் சொல்லிட்டா பெரும்பாலும் சாதா இறந்தகாலம்தான். திருமலை நாயக்கர் மகாலைப் பத்தி எழுதுறவங்களும் "ஹேட் பில்ட் இட் இன் 1636"னு எழுதிடுறாங்க. "பில்ட் இட் இன் 1636" அவ்வளவுதான்.

உங்க மூணாவது வரிதான் காசு சம்பந்தப்பட்டது, அதனால நல்லா கவனிங்க. "ஹேட் நாட் ரிசீவ்ட் யுவர் பேமென்ட்"ன்னா, அன்னைக்கு வரைக்கும் வரலை, அதுக்கப்புறம் வந்திருக்கலாம்னு அர்த்தம் தொனிக்கும். அவர் "ஓ, வந்துருச்சு போல"ன்னு பேசாம இருந்துட்டா யாரைக் கேக்குறது? இன்னும் வரலைன்னா "ஹேவ் நாட் ரிசீவ்ட்". இந்த நிமிசம் வரைக்கும் வரலைன்னு அது அடிச்சுச் சொல்லும்.

நாலாவதுல ரெண்டு சங்கதி இருக்கு, காயுறதும் மழையும். ஹேட் இருந்தா, மழை தொடங்கும்போது சேலை காய்ஞ்சு முடிஞ்சிருந்துச்சு, சரக்கு தப்பிச்சுது. அதை எடுத்துட்டு "தி சாரீஸ் டிரைட் வென் தி ரெய்ன் ஸ்டார்ட்டட்"னு எழுதினா, மழை வந்ததும் சேலை காய ஆரம்பிச்சுதுங்கிற மாதிரி வேடிக்கையாயிடும். அதான் அவர் அதுல கை வைக்கலை.

---

ஆனையூர்:

மேல சொன்னது காரணம். வேலை நேரத்துல செய்யுறதுக்கு வழி: மெயிலை எழுதி முடிச்சதும் ஹேட் வர்ற ஒவ்வொரு இடத்துலயும் நின்னு "எதுக்கு முன்னாடி?"ன்னு கேளுங்க. பதில் அதே வரியிலயோ முந்தின வரியிலயோ இருந்தா விட்டுடுங்க. இல்லைன்னா எடுத்துடுங்க; பேமென்ட் வரி மாதிரி இன்னும் நடக்காததுன்னா மட்டும் ஹேவ் ஆக்குங்க.

எடுக்கும்போது வினைச்சொல்லையும் பார்க்கணும். சென்ட், பெய்ட், பாட், ரிசீவ்ட் மாதிரி ரெண்டாவது வடிவமும் மூணாவதும் ஒண்ணா இருந்தா ஹேட்-ஐ மட்டும் அழிச்சாப் போதும். மத்ததை மாத்தணும்: கான் வென்ட் ஆகும், ஸ்போக்கன் ஸ்போக் ஆகும், கிவன் கேவ், டேக்கன் டுக், சீன் சா. "ஐ ஸ்போக்கன் டு தி கூரியர்"னு பாதியில நிக்கிறது அடிக்கடி நடக்குற கூத்து.

இல்லைன்னு சொல்றப்ப இன்னொரு குழி. "ஹேட் நாட் சென்ட்" மாத்தினா "டிட் நாட் செண்ட்". டிட் வந்துட்டா வினை பச்சையா, அதாவது முதல் வடிவத்துலயே, நிக்கணும். "டிட் நாட் ரிசீவ்ட்" கூடாது.

அழிக்கக் கூடாத ஹேட்-ம் இருக்கு. "வி ஹேட் எ மீட்டிங்"ல அதுதான் வினையே. "வி ஹேட் டு பே"ன்னா கட்ட வேண்டியிருந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் அழிச்சா வாக்கியம் முடமாயிடும்.

---

பைபாஸ் ரோடு:

இதைத் தப்புன்னு ஒரேயடியா சொல்றது எனக்கு ஒப்பல. இந்தியா முழுக்க இப்படித்தான் பேசுறாங்க. இந்திக்காரங்களும் "மே கல் கயா தா"ன்னு சொல்லிப் பழகி "ஐ ஹேட் கான் எஸ்டர்டே"ன்னுதான் சொல்றாங்க. சென்னை ஆளும் டெல்லி ஆளும் இங்கிலீஷ்ல பேசினா ரெண்டு பேருக்குமே ஒரு குழப்பமும் வராது. வெளிநாட்டு மெயிலுக்கு வேணா மாத்திக்கோங்க.

இன்னொண்ணு, "இருந்து"ன்னா எப்பவும் ஹேட் தப்புன்னு முடிவு கட்டிடாதீங்க. "நேத்தே சொல்லியிருந்தா வந்திருப்பேன்" அப்படியே "இஃப் யூ ஹேட் டோல்ட் மீ எஸ்டர்டே, ஐ வுட் ஹேவ் கம்". இருந்தா-க்கு ஹேட், இருப்பேன்-க்கு வுட் ஹேவ். இந்த ஒரு இடத்துல ரெண்டு மொழியும் சோடி போட்டு நடக்குது, நேத்துன்னு இருந்தாலும் பரவால்ல. இங்க போயி "இஃப் யூ வுட் ஹேவ் டோல்ட்"னு எழுதுறவங்கதான் அதிகம்.

---

தெப்பக்குளம்:

இந்தியப் பேச்சு வழக்குங்கிறது சரிதான், அதை நான் மறுக்கல. ஆனா பேமென்ட் வரி மாதிரி காசு, தேதி சம்பந்தப்பட்ட இடத்துல வழக்குன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

"அனுப்பிட்டதா சொன்னார்" மாதிரி வரிகளையும் மறந்துடாதீங்க: "ஹி செட் ஹி ஹேட் சென்ட் இட்". சொன்னதுக்கு முன்னாடி அனுப்பினது, அதனால ஹேட் இருக்கும். ரொம்ப நாளா நடந்துக்கிட்டே இருந்ததுக்கு "ஹேட் பீன்". வைகை அணை 1959ல திறந்தாங்க, பெரியாறு அணை 1895லயே திறந்தாச்சு. அப்ப "வென் தி வைகை டேம் ஓப்பன்ட், பெரியார் வாட்டர் ஹேட் பீன் கமிங் டு மதுரை ஃபார் ஓவர் சிக்ஸ்டி இயர்ஸ்". இங்க ஹேட் இல்லாம நடக்காது.

---

மேலமாசி வீதி:

பேமென்ட் மெயிலை உடனே திருத்தி அனுப்பிட்டேன். ஒரு சந்தேகம் பாக்கி. "முதலாளி திருப்பூர் போயிருக்கார்", "நான் திருப்பூர் போயிருக்கேன்" ரெண்டுக்கும் "ஹேவ் கான்" தானா?

---

ஆனையூர்:

இல்லை. முதலாளி இப்ப கடையில இல்லை, திருப்பூர்லயோ வழியிலயோ இருக்கார்னா "ஹி ஹேஸ் கான் டு திருப்பூர்". நீங்க போயிட்டு வந்து, ஊரு தெரியும்னு சொல்றதுன்னா "ஐ ஹேவ் பீன் டு திருப்பூர்". தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே "போயிருக்கு"தான், ஆளையும் இடத்தையும் வச்சுப் புரிஞ்சுக்கிறோம். இங்கிலீஷ்ல கான்-னா ஆள் திரும்பல, பீன்-னா திரும்பியாச்சு. கடையில உக்காந்துக்கிட்டு "ஐ ஹேவ் கான் டு திருப்பூர்"னு மெயில் போட்டா, அப்ப கடையில யார் எழுதுறதுன்னு கேப்பாங்க.