ஒப்புமை வாதக் கேள்விகளில் எங்கே சறுக்கினீர்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான ஜிமேட்டுக்கு ஆறு மாதமாகப் படிக்கிறேன். வெர்பல் பகுதியில் 23 கேள்விகள், 45 நிமிடம். கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட முழுசாகக் கிடைக்காது. அந்த அவசரத்தில் நான் திரும்பத் திரும்பத் தப்பு விட்டது ஒப்புமை வாதங்களில்தான்; அதாவது, ஓரிடத்தில் நடந்தது அதைப் போன்ற இன்னோர் இடத்திலும் நடக்கும் என்று சொல்லும் வாதங்களில். ஒரு மாக் டெஸ்ட் கேள்வியை நினைவிலிருந்து சொல்கிறேன்.

ஒரு மலைநகரத்தில் வெளியூர் வண்டிகளுக்கு முன் அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. வார இறுதி நெரிசல் பாதியாகக் குறைந்தது. ஒரு கடலோர நகரத்திலும் அதே அளவு மக்கள்தொகை; அந்த ஊரும் சுற்றுலாவை நம்பித்தான் இருக்கிறது. ஆகவே அங்கேயும் இந்த முறையைக் கொண்டுவந்தால் நெரிசல் பாதியாகும். இந்த வாதத்தை அதிகம் பலவீனமாக்குவது எது?

நான் கோயம்புத்தூர்க்காரன். படித்ததும் மனசு ஊட்டிக்குப் போய்விட்டது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தபோது பார்த்ததெல்லாம் தலைக்குள் ஓடியது. மலை வேறு, கடல் வேறு என்று பட்டது. 'மலைநகரத்துக்கு ஆண்டு முழுவதும் பயணிகள் வருகிறார்கள், கடலோர நகரத்துக்குக் கோடையில் மட்டும் வருகிறார்கள்' என்ற ஆப்ஷனைத் தயங்காமல் தேர்ந்தெடுத்தேன். தப்பு. சரியான விடை, 'கடலோர நகரத்தின் வார இறுதி நெரிசல் பெரும்பாலும் உள்ளூர் வண்டிகளால் வருகிறது' என்பது.

அன்று ராத்திரி நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இரண்டு ஊருக்கும் உள்ள ஒற்றுமையை ஒரு பக்கமும் வேற்றுமையை மறுபக்கமும் எழுதினேன். வேற்றுமை மட்டும் பதினொன்று வந்தது. பதினொன்றும் உண்மைதான், ஆனால் அதில் எதை வைத்து வாதத்தை உடைப்பது? அப்புறம்தான் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன்: மலைநகரத்தில் நெரிசல் எதனால் குறைந்தது? வெளியூர் வண்டி குறைந்ததால். சரி, அந்தக் காரணம் கடலோரத்திலும் இருக்கிறதா? கோடையில் மட்டும் கூட்டம் வந்தாலும், அது வெளியூர் வண்டிகளால் வருகிற கூட்டமாக இருந்தால் அனுமதி முறை வேலை செய்யும். நெரிசலே உள்ளூர் வண்டிகளால் என்றால் முறை அதைத் தொடவே தொடாது. மக்கள்தொகை ஒன்றாக இருப்பது பார்வைக்குப் பெரிய பொருத்தம், வாதத்துக்கு ஒரு உதவியும் இல்லை. பதினொன்றில் ஒன்பதை அடித்துவிட்டேன். உங்களுக்கு இப்படி நடந்ததா?

பதில் 1

தம்பி, நான் மதுரையில் க்ளாட் என்ற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்கு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். அந்தத் தேர்வில் 120 நிமிடத்தில் 120 கேள்விகள், தப்புக்குக் கால் மதிப்பெண் போகும். நீங்கள் சொன்ன இடத்தில்தான் என் பிள்ளைகளும் நிற்கிறார்கள். சட்டத்தில் முன்தீர்ப்பு, அதாவது பழைய தீர்ப்பை அதைப் போன்ற புது வழக்குக்கும் பொருத்துவது என்பதே ஒப்புமைதானே, அதனால் நான் வழக்கிலிருந்தே தொடங்குவேன்.

டோனஹியூ எதிர் ஸ்டீவன்சன், 1932. இஞ்சி பீர் பாட்டிலுக்குள் நத்தை கிடந்தது என்று ஒரு பெண் தொடுத்த வழக்கு. தயாரிப்பாளரோடு அவருக்கு ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், நுகர்வோருக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் கவனக் கடமை தயாரிப்பாளருக்கு உண்டு என்று அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவிலிருந்து கிராண்ட் வழக்கு. கம்பளி உள்ளாடையில் மிஞ்சியிருந்த சல்ஃபைட் என்ற ரசாயனத்தால் ஒருவருக்குக் கடுமையான தோல் நோய். இதற்கும் அந்தத் தீர்ப்பு பொருந்துமா?

வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், அதைக் குடிக்கிறோம், இதை உடம்புல போடுறோம். எப்படி சார் ரெண்டும் ஒண்ணாகும்?" நல்ல கேள்வி. தயாரிப்பாளர் தரப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான் வாதாடியது. பாட்டில் மூடி முத்திரையிட்டது, உள்ளாடையோ வெறும் காகிதப் பொட்டலத்தில் வந்தது என்றும் சொன்னது. மேல்முறையீட்டை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில் ஏற்கவில்லை. முத்திரை முக்கியமே இல்லை, தயாரிப்பாளரிடமிருந்து கிளம்பியபோது இருந்த அதே குறையோடு பொருள் நுகர்வோர் கைக்கு வந்ததா என்பதுதான் முக்கியம் என்றது. அந்தப் பெண் உடனே, "அப்போ கடைக்காரர் நடுவுல பிரிச்சு எதையாவது கலந்திருந்தா ஒப்புமை உடையும், இல்லையா சார்?" என்றாள். அன்றைய வகுப்பை அதோடு முடித்துக்கொண்டேன். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

பதில் 2

நான் தமிழ் முதுகலை முடித்துவிட்டு சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். அதன் முதல்நிலையில் வரும் சிசேட் என்ற திறனறித் தாளில் 33 சதவீதம் எடுத்தால் போதும் என்பார்கள், ஆனால் எனக்கு அதுவே மலையாக இருந்தது. சார் சொன்னதைப் படித்ததும் மணிமேகலையில் 29ஆம் காதை நினைவுக்கு வந்தது. பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை, அதாவது தர்க்கம், சொல்லிக் கொடுக்கும் இடம். இம்மலை நெருப்புடைத்து, புகையுடையது ஆதலால், அடுக்களை போல. மலைக்கும் அடுக்களைக்கும் என்ன பொருத்தம் என்று கல்லூரியில் சிரித்திருக்கிறோம். உயரம், மரம், அடுப்பு, பாத்திரம், எதிலுமே பொருத்தம் கிடையாது. புகை ஒன்றுதான் இரண்டையும் இணைக்கிறது, வாதமும் அதை மட்டுமே கேட்கிறது. எடுத்துக்காட்டு பிசகும் வகைகளைத் திட்டாந்தப் போலி என்று அதே காதை தனியாகப் பிரித்துச் சொல்கிறது.

இப்போது கேள்வித்தாளில் 'அதேபோல்' என்று பார்த்தாலே ஓரத்தில் பென்சிலால் 'புகை எது?' என்று எழுதிக்கொள்கிறேன். அண்ணா, அந்த நோட்டில் அடிக்காமல் விட்ட இரண்டில் ஒன்று உள்ளூர் வண்டி, சரி. இன்னொன்று என்ன?