புதுப்பிப்பு: கோத்தகிரி மாணவிக்கு டபுள் பிரமோஷன் கேட்பது பற்றி

கோத்தகிரியில் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகளுக்கு, கணக்கில் அவளுக்குள்ள வேகத்தைக் கருதி, டபுள் பிரமோஷன் (ஒரு வகுப்பைத் தாண்டி மேல் வகுப்பில் சேர்ப்பது) கேட்கலாமா என்று முன்பு எழுதியிருந்தேன். அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிட்டோம். இயற்கணிதத்தில் முந்தி நிற்பவள் ஆங்கிலக் கட்டுரையில் இன்னும் தடுமாறுகிறாள் என்பதை வகுப்பாசிரியை நோட்டுகளை விரித்துக் காட்டியபோது, எல்லாப் பாடங்களிலும் ஒரே மூச்சில் ஓராண்டைத் தாண்டச் சொல்வது பொருந்தாது என்பது எங்களுக்கே விளங்கியது.

அவர் பரிந்துரைத்தது தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவர்களில், பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மிகாதவர்கள் எழுதலாம்; தெரிவானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். மனத்திறன், படிப்பறிவுத் திறன் என இரு தாள்கள்; ஒவ்வொன்றிலும் 90 வினாக்கள். பழைய வினாத்தாளில் எண்தொடரை நொடியில் முடித்தவள், கண்ணாடிப் பிம்ப வினாவுக்குத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயிற்சி வேண்டிய இடம் அதுதான்.

ஆனால் இத்தேர்வு உதவித்தொகைக்கு உரியவரைக் கண்டறிகிறதே தவிர, அவருக்கு வகுப்பறையில் கூடுதலாக எதைக் கற்பிப்பது என்று சொல்வதில்லை. ஆகவே கணக்குப் பாடவேளையில் மட்டும் அவளை ஒன்பதாம் வகுப்பில் உட்கார வைக்கத் தலைமையாசிரியர் இசைந்திருக்கிறார். அக்கா குடும்பத்தின் வருமானம் பச்சைத் தேயிலையை நம்பியது; அதன் விலை மாதந்தோறும் ஏறி இறங்குவதால், வருமானச் சான்றிதழுக்கு ஆண்டு வருமானத்தைக் கணக்கிடும் வேலைதான் இப்போது மீதமிருக்கிறது.