லுகாசிக் கரும்பும் போர்பந்தர் கொடையும்: நான்ஜி காளிதாஸ் மேத்தாவை எப்படி எடைபோடுவது?

மருதன்:
கிழக்கு ஆப்பிரிக்கத் தொழிலதிபர்களில் நான் மிகவும் மதிப்பவர் நான்ஜி காளிதாஸ் மேத்தா. 1887இல் போர்பந்தருக்கு அருகே கோரானா என்ற சிற்றூரில் பிறந்தவர். 13 வயதில் பாய்மரக் கப்பலேறிக் கடல் கடந்தார். உகாண்டாவில் கடை வைத்தார், பருத்தி வாங்கினார், பஞ்சையும் விதையையும் பிரிக்கும் அரவை ஆலைகள் நிறுவினார். 1924இல் அங்கேயே லுகாசி என்ற ஊரில் சர்க்கரை ஆலையைத் தொடங்கினார். ஈட்டியதைப் பூட்டி வைக்கவும் இல்லை. போர்பந்தரில் பெண்களுக்கென்றே ஆரிய கன்யா குருகுலம் அமைத்தார். காந்தி பிறந்த வீட்டை ஒட்டிக் கீர்த்தி மந்திர் என்ற நினைவாலயத்தை எழுப்பினார். காந்தியின் வாழ்நாளைக் குறிக்க அதற்கு 79 அடி உயரம். 1950இல் படேல் திறந்துவைத்தார். இப்படிப்பட்டவரைச் 'சுரண்டல்காரர்' என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

செங்காந்தள்:
மருதன் ஐயா, நீங்கள் எழுதியதையே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பணம் விளைந்தது உகாண்டாவில். குருகுலமும் நினைவாலயமும் எழுந்தது போர்பந்தரில். என் கேள்வி இவ்வளவுதான்: அந்தப் பணத்தின் மேல் முதல் உரிமை யாருக்கு?

பருத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தைக் கொத்தி, விதைத்து, பறித்து, மூட்டையைச் சுமந்து வந்தவர் ஆப்பிரிக்க விவசாயி. அரவை ஆலைகளோ பெரும்பாலும் இந்தியர், ஐரோப்பியர் கையில். விளைவித்தவருக்கு விலை சொல்லும் இடத்தில் இருக்கை இல்லை. 1949இல் உகாண்டாவின் புகாண்டா பகுதியில் கலவரம் வெடித்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று, தங்கள் பருத்தியைத் தாங்களே அரைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்பது. சொந்த வயலில் விளைந்ததை அரைப்பதற்கு ஒரு மனிதன் கிளர்ந்தெழ வேண்டியிருந்தது. அந்த ஏற்பாட்டில் சேர்ந்த செல்வத்தைக் கொடுத்தவர் பெயரால் மட்டும் எண்ணுவது நியாயமில்லை.

மருதன்:
அந்த ஏற்பாட்டை வகுத்தது ஆங்கிலேய அரசு. உரிமம் கொடுத்ததும் விலையைக் கட்டுப்படுத்தியதும் அவர்கள். தெருக்கடையில் தொடங்கிய ஒரு பையன் மேல் பேரரசின் பாவத்தை ஏற்றாதீர்கள்.

இன்னொன்று. கொடை இந்தியாவோடு நின்றுவிட்டது என்பதும் சரியல்ல. நைரோபியில் காந்தி நினைவுக் கல்விக்கழகம் அமைய முன்னின்றவர்களில் மேத்தாவும் ஒருவர். அது ராயல் தொழில்நுட்பக் கல்லூரியோடு இணைந்தது. பள்ளிகளையே நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த கென்யாவில் எல்லா இனத்தவரும் சேர்ந்து படிக்கத் திறந்த கல்லூரி அது. அங்கே நிறுவிய காந்தி சிலையை 1956இல் திறந்துவைத்தவர் நம் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன். அந்தக் கல்லூரிதான் பின்னாளில் நைரோபிப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இது ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிய பணம் இல்லையா?

செங்காந்தள்:
நல்ல பணி, மறுக்கவில்லை. ஆனால் நைரோபி கென்யாவில் இருக்கிறது. லுகாசியில் கரும்பு வெட்டிய கைகளுக்கு அதில் என்ன பங்கு? சர்க்கரைத் தோட்டங்களில் உழைக்க ருவாண்டா, புருண்டியிலிருந்தும் உகாண்டாவின் வடமேற்கிலிருந்தும் ஆள்கள் வந்தார்கள். தோட்ட நிர்வாகம் அவர்களுக்குக் குடியிருப்பும் மருந்தகமும் கொடுத்தால் அதையும் கொடைக் கணக்கில் எழுதும் வழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. ஆள் படுத்துவிட்டால் கரும்பு காய்ந்துபோகும். மருந்தகம் ஆலை நடப்பதற்கான செலவு.

வானதி:
இருவருமே கொடையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்த ஆலைதான் பெரிதாகத் தெரிகிறது. பருத்தி வியாபாரி நினைத்தால் ஒரே பருவத்தில் மூட்டையைக் கட்டிவிடலாம். சர்க்கரை ஆலை வைத்தவன் மண்ணில் வேரூன்றியாக வேண்டும். கொதிகலனையும் கரும்புக் கொல்லையையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. 1930இல் ஜிஞ்சாவுக்கு அருகே ககீராவில் இன்னொரு இந்தியத் தொழிலதிபர் முல்ஜிபாய் மத்வானியின் சர்க்கரை ஆலையும் வந்தது. இந்த இரண்டும் இல்லாத உகாண்டாத் தொழில் வரலாறு கிடையாது.

மேத்தா 1969இல் இறந்தார். மூன்றே ஆண்டுகளில், 1972இல், உகாண்டா அதிபர் இடி அமீன் ஆசியர்கள் நாட்டை விட்டு வெளியேற 90 நாள் கெடு விதித்தார். ஆலை கைமாறிச் சீரழிந்தது. அமீன் வீழ்ந்த பிறகு அந்தக் குடும்பம் திரும்பி வந்து மறுபடி ஓட்டியது. வந்தவர்களை எல்லாம் கொள்ளையடித்துப் போனவர்கள் வரிசையில் வைக்க முடியாது, செங்காந்தள்.

முகில்:
நான் கம்பாலாவில் ஆறு ஆண்டுகள் கணக்கராக வேலை பார்த்தவன். ஜிஞ்சா சாலையில் பலமுறை போயிருக்கிறேன். லுகாசி வந்ததும் இருபுறமும் கரும்பு. கொஞ்ச தூரத்தில் வெயில் மறைந்து மபிரா காடு தொடங்கும். பஸ் நின்றால் சுட்ட கோழியும் சுட்ட வாழைப்பழமும் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடி வருவார்கள்.

வானதி சொன்ன வேரூன்றலுக்கு இன்னொரு முகம் உண்டு. 2007இல் அந்தக் காட்டில் ஏறத்தாழ 7,100 ஹெக்டேரை, அதாவது கால்பங்கை, லுகாசி ஆலைக்குக் கரும்பு பயிரிடக் கொடுக்க அரசு முனைந்தது. ஏப்ரலில் கம்பாலாவில் போராட்டம் மூண்டது. தெருவில் சென்ற ஓர் இந்தியரைக் கல்லால் அடித்தே கொன்றார்கள். அவருக்கும் ஆலைக்கும் என்ன தொடர்பு? தோல் நிறம் ஒன்றுதான். திட்டம் பிறகு கைவிடப்பட்டது. நிறுவனர் இறந்து 38 ஆண்டுகள் ஆன பின்னும் அந்தப் பழைய கணக்கு தீராமல் கிடந்ததை நான் அங்கே உணர்ந்தேன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் போர்பந்தரில் நின்று மட்டும் பார்க்காதீர்கள் என்கிறேன்.

மருதன்:
முகில், அந்தக் கொலையை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. காட்டைக் கேட்டது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2007இன் தவற்றை 1930களில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டியவர் கணக்கில் சேர்க்காதீர்கள். தம் மகள் சவிதாவை மணிப்புரி நடனம் கற்கவிட்டு, பின்னாளில் அந்தக் குருகுலத்தையே நடத்தும் நிலைக்கு வளரவிட்ட தந்தை அவர். அந்தக் காலத்தில் அது சிறிய காரியமா?

செங்காந்தள்:
இல்லை, சிறிய காரியம் இல்லை. குருகுலத்தை நான் ஒருநாளும் குறைத்துப் பேசவில்லை. என் பாட்டிக்கு அப்படி ஒரு பள்ளி கிடைத்திருந்தால் எங்கள் வீட்டுக் கதையே வேறாக இருந்திருக்கும். அதே பள்ளியை லுகாசியில் கரும்பு வெட்டியவரின் மகளுக்கும் முதலில் கட்டியிருக்க வேண்டும் என்கிறேன். அதில் நான் இறங்கி வரமாட்டேன்.