நான்கு துறைகளுக்கு நடுவே ஒரு முனைவர் பட்டம்

மானோவாவில் உள்ள ஹவாய் பல்கலைக்கழகத்தில் தகவல்தொடர்பு, தகவல் அறிவியல் முனைவர் பட்டப் படிப்பை எந்தத் துறையும் தனித்து நடத்துவதில்லை. தகவல்தொடர்பியல், கணினி அறிவியல், நூலக அறிவியல், வணிகவியல் கல்லூரியின் தகவல் தொழில்நுட்ப மேலாண்மைப் பிரிவு ஆகியவை கூட்டாக நடத்துகின்றன. இந்தப் படிப்பில் சேரலாமா என்று கேட்பவர்களுக்குச் சேர்க்கை, உதவித்தொகை பற்றியெல்லாம் மற்றவர்கள் விரிவாக எழுதிவிட்டதால், இந்தக் கூட்டமைப்பின் பயனை எனக்கு உணர்த்திய ஒரு கருத்தரங்க விவாதத்தை மட்டும் பகிர்கிறேன்.

2018 ஜனவரி 13 அன்று காலை 8:07 மணிக்கு, ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது, இது ஒத்திகை அல்ல என்ற எச்சரிக்கை ஹவாய் முழுவதும் கைப்பேசிகளில் ஒலித்தது. அது பொய்யான எச்சரிக்கை என்ற திருத்தம் அதே கைப்பேசிகளுக்கு வந்துசேர 38 நிமிடங்கள் ஆயின. எச்சரிக்கை அனுப்பும் ஊழியர் தவறான தெரிவை அழுத்தும்படி திரை வடிவமைக்கப்பட்டிருந்ததே காரணம் என்று கணினி அறிவியல் நண்பர் வாதிட்டார். தொடக்கத்தில் வந்த செய்திகளும் அவ்வாறே கூறின. தகவல்தொடர்பியல் மாணவி ஒருவரோ, அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தின் (FCC) விசாரணையைச் சுட்டி, ஒத்திகைக்காகத் தொலைபேசியில் ஒலிக்கவிட்ட பதிவில் 'ஒத்திகை' என்ற அறிவிப்போடு 'இது ஒத்திகை அல்ல' என்ற வாசகமும் இருந்ததையும், ஊழியர் அதை உண்மை என்று நம்பியே அனுப்பியதாகச் சொன்னதையும் எடுத்துரைத்தார். அப்படியானால் அந்த 38 நிமிடங்களை எப்படி விளக்குவது? திருத்தச் செய்தி முன்கூட்டியே தயாரித்து வைக்கப்படவில்லை என்பது நிறுவன நடைமுறையின் குறை. மேலாண்மைப் பிரிவினர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நூலக அறிவியலிலிருந்து வந்த எனக்கு, அந்த இடைவெளியில் மக்கள் எந்த மூலத்தைத் தேடி, எதை நம்பினார்கள் என்பதே முதன்மையாகப் பட்டது. (அப்போதைய ஆளுநர் டேவிட் இகே தம் ட்விட்டர் கணக்கின் கடவுச்சொல் தெரியாமல், எச்சரிக்கை பொய் என்று பதிவிடத் தாமதித்ததைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார்.)

இவற்றுள் எந்த விளக்கமும் மற்றொன்றின்றி முழுமை பெறவில்லை. இத்தகைய கேள்வி கையில் இருந்தால் மட்டுமே இந்தப் படிப்பில் சேருங்கள் என்பேன். ஒரே துறைக்குள் விடை கிடைக்கும் கேள்விக்காக நான்கு துறைகளின் ஆய்வுமுறைகளைக் கற்பது வீண் சுமை.

வேலை தேடும்போது கணினி அறிவியலார் மாநாட்டுக் கட்டுரைகளையும் தகவல்தொடர்பியலார் ஆய்விதழ்க் கட்டுரைகளையும் பெரிதாக மதிப்பார்கள். எனவே எந்தத் துறையில் ஆசிரியப் பணிக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்பதை, உங்கள் ஆய்வை மதிப்பிடும் பேராசிரியர்களின் ஆய்வுக்குழுவை அமைக்கும்போதே நெறியாளரிடம் பேசி முடிவுசெய்துகொள்வது நல்லது.